தையல் மிஷின் சத்தம் எங்கே போச்சு?

கொட்டாம்பட்டி பஸ் ஸ்டாப் நண்பர்களே, உங்களுக்கு ஒரு கேள்வி. வாரத்துக்கு அஞ்சு நாளோ ஆறு நாளோ மதுரைக்குப் போறீங்க, வர்றீங்க. கருங்காலக்குடி, மேலூர், ஒத்தக்கடைன்னு கண்ணை மூடிக்கிட்டே ஸ்டாப்பிங் சொல்வீங்க. மாட்டுத்தாவணியில இறங்கி, அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு காலேஜ். சாயங்காலம் அதே ரூட்ல ரிட்டர்ன். எல்லாம் சரி. கடைசியா எப்போ மதுரைக்குள்ள போனீங்க?

"போன மாசம்கூட மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போனேனே!"ன்னு கையைத் தூக்காதீங்க. செருப்பை விட்டு, செல்போனைக் கொடுத்து டோக்கன் வாங்கி, சாமி கும்பிட்டு, பொற்றாமரைக் குளத்துப் படியில பத்து நிமிஷம் உட்கார்ந்துட்டு பஸ் ஏறினது கணக்குல வராது. தீபாவளிக்குத் துணி எடுக்கப் போய் கூட்டத்துல நசுங்கினதும் கணக்குல வராது. கோயிலைச் சுத்தி இருக்கிற அந்தப் பழைய ஊருக்குள்ள, எந்த வேலையும் இல்லாம, சும்மா நடந்திருக்கீங்களா?

நடந்து பாருங்க. கடந்த பத்து வருஷத்துல மதுரையின் நடுவூர் ரொம்பவே மாறிப்போச்சு. சில இடத்துல நின்னா, "அட, நம்ம ஊரா இது!"ன்னு தோணும். சில இடத்துல, "அட, இங்கே இருந்தவங்க எங்கப்பா போனாங்க?"ன்னு தேட வேண்டியிருக்கும். இந்த ரெண்டு 'அட'வுக்கும் நடுவுல ஒரு நாள் முழுக்கச் சுத்தலாம், வாங்க!

மாசத்துக்கு ஒரு வீதி

முதல்ல மேப் மனசுல இருக்கட்டும். ரொம்ப சிம்பிள். நடுவுல கோயில். கோயிலுக்குள்ளேயே சுத்தி வர ஆடி வீதி. மதிலுக்கு வெளியே சித்திரை வீதி. அடுத்த சுற்று ஆவணி மூல வீதி. அதுக்கு அடுத்தது மாசி வீதி. எல்லாத்துக்கும் வெளியே வெளி வீதி. சதுரத்துக்குள் சதுரம், அதுக்குள் சதுரம். ஒவ்வொண்ணுக்கும் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்குன்னு நாலு பக்கம். இவ்வளவுதான். வழி தப்பினா தலையைத் தூக்கி எந்தக் கோபுரம் பக்கத்துல தெரியுதுன்னு பார்த்தா போதும்.

இதுல ஒரு தமாஷ் இருக்கு. சித்திரைத் தேர் ஓடுறது சித்திரை வீதியில இல்லை, மாசி வீதியில! மாசியில நடந்த திருவிழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார், தேர் மட்டும் பழைய வீதியிலேயே ஓடுதுன்னு பெரியவங்க காரணம் சொல்வாங்க. ஆக, வீதியோட பேரே ஒரு காலண்டர். எந்த மாசம் எந்த வீதியில கூட்டம் கூடணும்னு ஊரே சேர்ந்து எழுதி வைத்த டைம் டேபிள். இந்த ஊரின் நடுப்பகுதி மக்கள் கூடுறதுக்குன்னே போடப்பட்டது. இதை மறக்காம வச்சுக்குங்க, கடைசியில தேவைப்படும்.

கோட்டையை இடிச்ச கலெக்டர்

ஊரின் நடுவைப் புதுசாக்குற வேலை இப்பத்தான் வந்ததுன்னு நினைக்க வேண்டாம். கிட்டத்தட்ட 200 வருஷத்துக்கு முன்னாலேயே ஒரு தடவை நடந்திருக்கு. அப்போ மதுரையைச் சுத்தி நாயக்கர் காலத்துக் கோட்டையும் அகழியும் இருந்தது. உள்ளே நெரிசல், வெளியே வெட்டவெளி. கலெக்டர் ஜான் பிளாக்பர்ன் காலத்துல, 1837 வாக்கில், கோட்டையை இடிச்சு, அந்த மண்ணையும் கல்லையும் போட்டு அகழியைத் தூர்த்துப் புதுத் தெருக்கள் போட்டாங்க. கோட்டைக்கு வெளியே வந்த வெளி வீதிகள் அப்படிப் பிறந்தவைதான். அந்த வேலையில இருந்த சர்வேயர் மாரட் பேருல மாரட் வீதி. மேஸ்திரி பெருமாள் பேருல பெருமாள் மேஸ்திரி வீதி. ராஜா பேரும் மந்திரி பேரும் வைக்கிற நாட்டுல ஒரு மேஸ்திரி பேருல நாலு வீதி! இதுக்காகவே மதுரைக்கு ஒரு சல்யூட் அடிக்கலாம்.

பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் அந்தக் கோட்டையின் மேற்கு வாசல் மிச்சம் கொஞ்சம் இன்னமும் நிக்குது. தினமும் ஆயிரக்கணக்கானவங்க அதைத் தாண்டித்தான் பஸ் பிடிக்க ஓடுறாங்க. உங்க நடையை அங்கேயே ஆரம்பியுங்க. மாட்டுத்தாவணியிலிருந்து பெரியாருக்கு டவுன் பஸ்ஸுக்கா பஞ்சம்?

ஸ்மார்ட் ஆன சிட்டி

மத்திய அரசு 2015-ல் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தை அறிவிச்சது. அதுல மதுரை சேர்ந்தது 2016 செப்டம்பரில். தஞ்சாவூர், சேலம், வேலூரும் அதே பட்டியல்தான். ஒவ்வொரு நகரத்துக்கும் மத்திய அரசு 500 கோடி ரூபாய், மாநிலத் தரப்பிலிருந்து அதே அளவு என்பது கணக்கு. மதுரையில அந்தப் பணத்தில் பெரும்பகுதி இறங்கினது கோயிலைச் சுத்தியிருக்கிற இந்தப் பழைய ஊரிலேதான்.

என்னென்ன நடந்தது? பெரியார் பஸ் ஸ்டாண்டை இடிச்சுட்டுப் புதுசாக் கட்டி 2021 கடைசியில திறந்தாங்க. சித்திரை வீதிகள்ல கல் பாவினாங்க. மாசி வீதிகளைத் தோண்டி, குழாய், கேபிள் எல்லாத்தையும் அடியில விட்டு மேலே புது ரோடு போட்டாங்க. விளக்குத்தூண், பத்துத்தூண் பக்கமெல்லாம் சுத்தம் பண்ணினாங்க. வடக்கு ஆவணி மூல வீதியில பழைய சென்ட்ரல் மார்க்கெட் இருந்த இடத்துல அடுக்குமாடி பார்க்கிங் வந்தது. காய்கறி மார்க்கெட் அதுக்கு முன்னாலேயே மாட்டுத்தாவணிக்கு மூட்டை கட்டியாச்சு.

தோண்டின நாட்கள்ல மதுரைக்காரங்க பட்ட பாடு தனிக்கதை. ஆனா சும்மா சொல்லக்கூடாது பாஸ், இப்போ சாயங்காலம் சித்திரை வீதியில நடந்து பாருங்க. வண்டி கிடையாது. ஹாரன் கிடையாது. தாத்தாவும் பாட்டியும் பேரனைக் கூட்டிக்கிட்டு நடுத்தெருவுல பயமில்லாம நடக்கிறாங்க. புதுசாக் கல்யாணமான ஜோடி கோபுரத்தைப் பார்த்தபடி தரையிலேயே உட்கார்ந்திருக்கு. சைக்கிள் போனாலே ஒதுங்கி நிக்க வேண்டிய நம்ம ஊர்கள்ல, ஒரு வீதியை நடக்கிறவனுக்கே விட்டுக் கொடுத்தது பெரிய விஷயம். அதைப் பாராட்டிட்டுத்தான் மேலே போகணும்.

காந்தி மாறின வீடு

பெரியாரிலிருந்து மேல மாசி வீதிக்கு வந்துடுங்க. அங்கே 251ஏ எண் வீட்டின் மாடியில 1921 செப்டம்பரில் காந்தி தங்கியிருந்தார். வேட்டி, சட்டை, தொப்பின்னு இருந்தவர், அந்த மாதம் 22-ஆம் தேதி இடுப்பில் ஒரு துண்டு வேட்டியோடு வெளியே வந்தார். கடைசி வரைக்கும் அதுதான் அவர் உடை. நாம ரூபாய் நோட்டுல பார்க்கிற காந்தியின் அந்த எளிய கோலம் உருவான இடம் மதுரையின் ஒரு கடைத்தெரு! கீழே கதர்க்கடை. துண்டு ஒண்ணு வாங்கிட்டு, மாடியைப் பார்க்கலாமான்னு மரியாதையாக் கேட்டுப் பாருங்க.

அதே மேல மாசி வீதியில மதனகோபால சுவாமி கோயில் இருக்கு. கும்பிட்டுட்டுக் கிளம்புறதுக்கு முன்னால ஒரு செய்தி. இந்தக் கோயிலைச் சேர்ந்த ஒரு மண்டபத்தைப் பார்க்கணும்னா நீங்க அமெரிக்காவுக்கு பிளைட் பிடிக்கணும்! 1912-ல் மதுரைக்கு வந்த அடலைன் பெப்பர் கிப்சன் என்ற அமெரிக்கப் பெண்மணி இங்கே கிடந்த தூண்களை விலைக்கு வாங்கினார். 1919-ல் அவர் நினைவாகக் குடும்பத்தார் அவற்றை பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். இன்னைக்கும் அந்த அருங்காட்சியகத்துக்குள்ள மதுரை மண்டபம் ஒண்ணு நிக்குது. வெயில் படாது, மழை படாது, புகை படாது, யாரும் சாய்ஞ்சு உட்கார மாட்டாங்க.

அருமையான பாதுகாப்பு. சந்தேகமே இல்லை. ஆனா அங்கே பூக்காரம்மா கிடையாது. "ரெண்டு முழம் எடுத்துக்கம்மா"ன்னு குரல் கிடையாது. தூணுக்குக் கீழே தூங்குற பெரியவர் கிடையாது. கல் பத்திரமா இருக்கு, ஊரைத்தான் காணோம். இந்த மண்டபத்தை மனசுல வச்சுக்கிட்டு, சித்திரை வீதி வழியாக் கிழக்கே வாங்க. அடுத்து நாம பார்க்கப் போறது இன்னொரு மண்டபம்.

400 வயசு 'புது' மண்டபம்

கிழக்குக் கோபுரத்துக்கு நேர் எதிரே நிக்கிறது புது மண்டபம். பதினேழாம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டினது. 400 வயசை நெருங்கிட்டாலும் நமக்கு அது இன்னமும் 'புது'தான். நூறுக்கும் மேற்பட்ட தூண்கள். நாயக்க மன்னர்கள் வரிசையா ஆளுயரத்துல கும்பிட்டபடி நிக்கிறாங்க. கரும்பு தின்னும் கல்யானை, குதிரை வீரர்கள், யாளிகள்னு ஒவ்வொரு தூணும் ஒரு கதை. 1790களில் மதுரைக்கு வந்த இங்கிலாந்து ஓவியர்கள் தாமஸ், வில்லியம் டேனியல் பார்த்து வியந்த ஊர் இது.

ஆனா உங்க அப்பா அம்மாகிட்ட 'புது மண்டபம்'னு சொல்லிப் பாருங்க. சிலை ஞாபகத்துக்கு வராது. "அங்கேதானே தைக்கக் கொடுப்போம்!"ன்னுதான் சொல்வாங்க. அந்தத் தூண்களுக்கு நடுவுல சுமார் முந்நூறு கடைகள் இருந்தன. வளையல், பித்தளைப் பாத்திரம், பஞ்சாங்கம், பெரிய எழுத்துக் கதைப் புத்தகம், தலபுராணம். எல்லாத்துக்கும் மேலே, தையல்காரங்க. துணியை எடுத்துக்கிட்டுப் போனா, கோயிலுக்குப் போய் சாமி கும்பிட்டுத் திரும்பறதுக்குள்ள ஜாக்கெட்டோ பாவாடையோ ரெடி. வரிசையா மிஷின்கள் ஓடற அந்தச் சத்தம்தான் மண்டபத்தின் பின்னணி இசை.

இதுல கொட்டாம்பட்டிக்காரங்களுக்கு இன்னும் நெருக்கமான ஒரு சமாசாரம் உண்டு. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும்போது தண்ணீர் பீய்ச்சுறவங்களையும், திரி எடுத்து ஆடுறவங்களையும், கருப்பசாமி வேஷம் கட்டுறவங்களையும் பார்த்திருப்பீங்க. பளபளன்னு ஜரிகை வச்ச அந்த உடை, குல்லா, சல்லடம், கச்சை எல்லாம் எங்கே தயாராகும்? புது மண்டபத்துலதான்! சுவாமிக்குச் சாத்துற வஸ்திரம், தேர்ச் சீலை, குடை, தொம்பை எல்லாமே அங்கேதான். தைச்ச கைகள்ல நிறைய பேர் முஸ்லிம்கள். அழகருக்கு வேண்டிக்கிட்டவர் துணியை நீட்ட, பாய் அளவெடுக்க, ரெண்டு பேரும் "அண்ணே", "தம்பி"ன்னு பேரம் பேச... மத நல்லிணக்கம்னு யாரும் அதுக்கு பேனர் கட்டலை. வேலை நடந்தது, அவ்வளவுதான். அழகர் கோயில், மேலூர் பக்கத்து கிராமங்கள்ல எத்தனை வீட்டுப் பெட்டிக்குள்ள அந்த உடைகள் மடிச்சு வச்சிருக்கோ!

மிஷின் நின்ன நாள்

2018 பிப்ரவரி 2-ஆம் தேதி இரவு கிழக்குக் கோபுரத்தை ஒட்டிய வீரவசந்தராயர் மண்டபத்துல தீப்பிடிச்சது. அங்கே இருந்த கடைகள் எரிஞ்சன. கல்லே வெடிச்சு மண்டபத்தின் பகுதிகள் இடிஞ்சு விழுந்தன. மதுரையே அன்னைக்குத் தூங்கலை. பழைய மண்டபங்களுக்குள்ள கடைகள் எதுக்குங்கிற கேள்வி அதுக்கப்புறம் பலமா எழுந்தது. கோயிலுக்குள் இருந்த கடைகளை எடுக்க நீதிமன்றம் உத்தரவு போட்டது.

புது மண்டபத்துக் கடைகளுக்கும் மாற்று இடம் ரெடியாச்சு. பக்கத்துலேயே இருந்த குன்னத்தூர் சத்திரத்தின் பழைய கட்டடத்தை எடுத்துட்டு, ஸ்மார்ட் சிட்டி பணத்துல அடுக்குமாடி வணிக வளாகம் கட்டினாங்க. 2020களின் தொடக்கத்தில் கடைகள் ஒவ்வொண்ணா அங்கே இடம் மாறின. மண்டபம் காலியாச்சு. மூட்டைகளுக்குப் பின்னால பல வருஷமா ஒளிஞ்சிருந்த சிற்பங்கள் வெளிச்சத்துக்கு வந்தன.

சரியா, தப்பா? அவசரப்பட்டு மார்க் போடாதீங்க. ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு.

சிற்பம் பக்கம் நின்னு பேசுவோம். தூணுல ஆணி அடிச்சு, கம்பி கட்டி, புகையும் எண்ணெயும் படிஞ்சு, கால் கையெல்லாம் தேஞ்சு போன சிலைகளுக்கு யார் பதில் சொல்றது? துணியும் காகிதமும் குவிஞ்ச மண்டபத்துல ஒரு பொறி விழுந்தா? 2018 ராத்திரியை நினைச்சாலே குலை நடுங்குது. அடுத்த தலைமுறைக்கு மண்டபம் வேணும்னா யாராவது எழுந்து இடம் கொடுத்துத்தான் ஆகணும்.

இப்போ தையல்காரர் பக்கம். அவருக்கு மாடியில கடை கிடைச்சது, வாஸ்தவம்தான். ஆனா அவர் பொழப்பு ஓடினது கடையால மட்டும் இல்லை. கோயிலுக்குப் போற வழியில அவர் உட்கார்ந்திருந்ததால! நடந்து போறவங்க கண்ணுல படணும், "இதைக் கொஞ்சம் தைச்சுக் கொடுங்கண்ணே"ன்னு போகிற போக்குல கேட்கணும். அதுக்காக யாரும் தேடிப் போய் மாடிப்படி ஏறுவாங்களா? புது இடத்துல பழைய வியாபாரம் இல்லைன்னு வியாபாரிகள் சொன்ன செய்திகள் பத்திரிகைகள்ல அடிக்கடி வந்தன. பாரம்பரியம்னு நாம சொல்றது மண்டபம் மட்டும்தானா? அழகர் உடை தைக்கிற கைத்திறனும் பாரம்பரியம்தானே? அதை எந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கிறது?

நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான். ரெண்டு இடத்தையும் ஒரே நாள்ல பாருங்க. முதல்ல மண்டபத்துக்கு முன்னால அஞ்சு நிமிஷம் நில்லுங்க. உள்ளே விட்டா உள்ளே போங்க, இல்லைன்னா வெளியிலிருந்தே பாருங்க. அப்புறம் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்ப் படியேறுங்க. அழகர் உடை எப்படித் தைக்கிறாங்கன்னு கேளுங்க. கையில ஒரு கிழிஞ்ச பையோ, நீளம் கூடுன பேன்ட்டோ இருந்தா இன்னும் நல்லது. பேச்சு தானா வரும்.

வெளியே வந்தா எழுகடல் தெரு. மீனாட்சியின் தாய் காஞ்சனமாலை நீராட சுவாமி ஏழு கடலையும் வரவழைச்சாராம். அதுக்கு ஒரு குளமே இருந்தது. இப்போ பேருல மட்டும்தான் கடல். பக்கத்துல முடிக்கப்படாத ராயகோபுரம். திருமலை நாயக்கர் ஆரம்பிச்சு முடிக்காம விட்டது. பிரமாண்டமான அந்தக் கல் நிலைகளுக்கு இடையே குடமும் அண்டாவும் அடுக்கின பாத்திரக் கடைகளுக்குப் பேர் போன இடம்.

பத்துத்தூணும் ஒரு விளக்கும்

கிழக்கு மாசி வீதி, தெற்கு மாசி வீதி பக்கம் நகர்ந்தா விளக்குத்தூண். கோட்டையை இடிச்ச அதே பிளாக்பர்ன் நினைவா எழுப்பின இரும்புத் தூண். ஜிகர்தண்டா குடிக்க வர்றவங்கள்ல எத்தனை பேர் அந்தத் தூணை நிமிர்ந்து பார்த்திருப்பாங்க? நீங்க பாருங்க. பார்த்துட்டு ஜிகர்தண்டா குடிங்க. வெயில் நேரமா இருந்தா ரெண்டாகூடக் குடிக்கலாம்.

அங்கிருந்து ஜவுளிக்கடைச் சந்துக்குள்ள நுழைஞ்சா பத்துத்தூண். திருமலை நாயக்கர் அரண்மனையைச் சேர்ந்த பத்து பிரமாண்டத் தூண்கள். மேலே கூரை இல்லை. ரெண்டு பக்கமும் கடைகள். தூணுக்குப் பக்கத்துல லோடு இறக்குற அண்ணன்கள். மஹால் இங்கேருந்து நடக்கிற தூரம். 1636-ல் கட்டி முடிச்ச அரண்மனையில இப்போ மிச்சம் கால்வாசிதான்னு சொல்றாங்க. நடுவுல இருந்ததெல்லாம் வீடாவும் கடையாவும் ஆயிடுச்சு. 1860களின் கடைசியில் சென்னை கவர்னரா இருந்த நேப்பியர் பிரபு முன்னின்று பழுது பார்க்காம விட்டிருந்தா அந்தக் கால்வாசியும் போயிருக்கும்.

போனது அரண்மனை மட்டும் இல்லை. மேற்குப் பெருமாள் மேஸ்திரி வீதியில ஆசியாவிலேயே பெரிய தியேட்டர்னு பேர் வாங்கின தங்கம் தியேட்டர் இருந்தது. 2,500 பேருக்கு மேல ஒண்ணா உட்கார்ந்து படம் பார்க்கலாம். அந்த இடத்துல இப்போ பெரிய ஜவுளிக்கடை. உங்க தாத்தா அங்கே விசிலடிச்ச கதையைக் கேட்டு எழுதி வச்சுக்குங்க. அதுவும் வரலாறுதான்.

பினாங்குல என்ன ஆச்சு?

இந்தத் தலைவலி மதுரைக்கு மட்டும் இல்லை. மலேசியாவின் பினாங்குல ஜார்ஜ் டவுன்னு ஒரு பழைய ஊர். சூலியா தெரு, கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், குயின் தெரு மாரியம்மன் கோயில்னு நம்ம தமிழர்கள் வாழ்ந்து வளர்த்த வீதிகள் அங்கே உண்டு. பல வருஷமா வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்ததால ஏழை பாழைகள், சின்னத் தொழில் செய்யறவங்க எல்லாம் நடுவூருக்குள்ளேயே குடியிருந்தாங்க. 2000-ல் அந்தப் பாதுகாப்பு போச்சு. வாடகை ஏறிச்சு. நிறைய குடும்பங்கள் காலி பண்ணிட்டுக் கிளம்பினாங்க. 2008-ல் யுனெஸ்கோ அந்த ஊரை உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சது. சுவர்ல ஓவியம் வந்தது, காபி கடை வந்தது, டூரிஸ்ட் வந்தாங்க. பார்க்க அவ்வளவு அழகு. ஆனா அந்த வீடுகள்ல வாழ்ந்தவங்கள்ல பல பேர் அதைப் பார்க்க அங்கே இல்லை.

பக்கத்து கொச்சி வேற ஒரு வழி காட்டுச்சு. பழைய மிளகுக் கிடங்குகளை இடிக்காம, அங்கேயே 2012-ல் கலைத் திருவிழா ஆரம்பிச்சாங்க. கிடங்கின் சுவர் அப்படியே, உள்ளே புதுக் கலை. உலகம் முழுக்க இருந்து மாணவர்கள் வர்றாங்க. அங்கேயும் விலைவாசி ஏறாம இல்லை. ஆனா பழைய கட்டடத்துக்குப் புது வேலை கொடுக்க முடியும்னு காட்டினது அந்த ஊர்.

தண்ணி வந்தது, கூட்டம் வந்தது

மதுரையிலேயே நல்ல உதாரணம் வேணும்னா சாயங்காலம் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்குப் போங்க. 1645-ல் வெட்டின குளம். நடுவுல மைய மண்டபம். உங்க அண்ணன்களைக் கேளுங்க, குளத்துக்குள்ள கிரிக்கெட் ஆடின கதையைச் சொல்வாங்க. அத்தனை வருஷம் வறண்டு கிடந்தது. வைகையிலிருந்து தண்ணி கொண்டு வர்ற பனையூர் கால்வாய்தான் அதுக்கு உயிர். அது அடைபட்டதால குளமும் காய்ஞ்சது. கால்வாயைச் சரி பண்ணி 2020 வாக்கில் தண்ணி விட்டதும் என்ன ஆச்சு? குளம் நிறைஞ்சது. சுத்துச்சுவர்ல குடும்பம் குடும்பமா உட்கார ஆரம்பிச்சாங்க. சுண்டல், பஜ்ஜி, பருத்திப்பால் எல்லாம் தானா வந்துச்சு. யாரையும் வெளியேத்தாம, இருந்தவங்க வயிறும் நிறைஞ்சு, கேட்காத கூட்டமும் வந்தது.

குளத்துக்குத் தண்ணி வர்ற வழி மாதிரி, வீதிக்கு மனுஷங்க வர்ற வழி. அதை அடைக்காம இருந்தா போதும். முன்னாடி மறக்காம வச்சுக்கச் சொன்னேனே, மாசத்துக்கு ஒரு வீதி? கூட்டம் கூடுறதுக்காகவே போட்ட ஊர் இது. கல் பாவுறது பாதி வேலை. அந்தக் கல்லு மேல தினமும் யார் உட்கார்ந்து தொழில் செய்யப் போறாங்க, யாருக்கு அங்கே வாடகை கட்டுப்படியாகும் என்பதுதான் மீதிப் பாதி. முதல் பாதியை அரசாங்கம் செய்யும். ரெண்டாவது பாதியில உங்களுக்கும் எனக்கும் பங்கு இருக்கு.

நம்ம பக்கம் வேலை இருக்கு

"நாங்க காலேஜ் பசங்க, எங்களால என்ன முடியும்?"னு கேட்காதீங்க. திரும்பி வர்ற பஸ்ல ஜன்னல் பக்கம் உட்காருங்க. மேலூருக்கு முன்னாலேயே உள்ளே தள்ளி அரிட்டாபட்டி. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம்னு அறிவிச்ச ஊர். ரெண்டு வருஷம் கழிச்சு அந்தச் சுற்று வட்டாரத்துல டங்ஸ்டன் சுரங்கம்னு செய்தி வந்தப்போ, மேலூர் பக்கத்து ஜனங்க வீட்டுக்குள்ள உட்காரலை. 2025 ஜனவரி 7-ஆம் தேதி மதுரை வரைக்கும் பேரணியா வந்தாங்க. அதே மாதம் 23-ஆம் தேதி ஏலம் ரத்தாச்சு. மலையைக் காப்பாத்தினது அந்த மலையைத் தினமும் பார்த்து, அங்கே ஆடு மேய்ச்சு, அந்தச் சுனைத் தண்ணியைக் குடிச்சவங்க.

இன்னும் வடக்கே வந்தா கருங்காலக்குடி. தினமும் நீங்க கண்டக்டர் குரல்ல கேட்கிற பேரு. அந்த மலையில 2000 வருஷத்துக்கு முந்தைய தமிழி கல்வெட்டும், சமண முனிவர்கள் படுத்த கற்படுக்கைகளும் இருக்கு. ஒரு நாளாவது அங்கே இறங்கியிருக்கீங்களா? பாறையில பேர் எழுதாம, குப்பை போடாம, போய்ப் பாருங்க.

மதுரையில செய்ய வேண்டியதும் அப்படித்தான். பெரிய தியாகம் ஒண்ணும் வேண்டாம். அடுத்த தடவை பேன்ட் சுருக்கணும்னா மாலுக்குப் போகாம சத்திரத்துப் படியேறுங்க. காலேஜ் டிராமாவுக்கு ராஜா டிரெஸ் வேணுமா, அங்கே கேளுங்க. தங்கச்சிக்குச் சுங்குடி வாங்கினா எந்த வீட்டுல முடிச்சுப் போட்டாங்கன்னு விசாரிங்க. 2005-லேயே புவிசார் குறியீடு வாங்கின துணி அது. மாஸ் கம்யூனிகேஷன் படிக்கிறவங்களுக்கு இங்கே ஒரு பிராஜெக்ட் சும்மா காத்திருக்கு: புது மண்டபத்துல முப்பது, நாப்பது வருஷம் மிஷின் ஓட்டின ஒருத்தர்கிட்ட ரெக்கார்டரை வச்சு ஒரு மணி நேரம் பேசுங்க. எந்தச் சிலைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்னு கேளுங்க. கல்வெட்டுல வராத மதுரை அது. எழுதறதுக்கு இப்போ விட்டா ஆள் கிடைக்காது.

சித்திரையில அழகர் இறங்குறதுக்குள்ள ஒரு சனிக்கிழமை போயிட்டு வந்துடுங்க. திருவிழா சீஸன்ல மிஷின் சத்தம் நல்லாவே கேட்கும்னு நம்புவோம். மாடியிலிருந்து கேட்டாலும் சத்தம் சத்தம்தானே!

பர்ஸ் பத்திரம்!

* காலையில சீக்கிரம் பஸ் ஏறினா வெயிலுக்கு முன்னால மாசி வீதிகளை முடிச்சுடலாம். மத்தியானம் மஹால், சாயங்காலம் சித்திரை வீதி, கடைசியா தெப்பக்குளம்.

* சாதாரணக் கட்டண டவுன் பஸ்ல பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் இல்லை. தோழிகளோட போறவங்களுக்கு ஜாலிதான்.

* கோயிலுக்குள் போறதா இருந்தா செல்போனை வெளியே ஒப்படைக்கணும். அதனால போட்டோ எல்லாம் வீதியில எடுத்துக்குங்க. ஆளுங்களை எடுக்கும்போது, "எடுத்துக்கட்டுமாண்ணே?"ன்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

* நேரம் மிச்சம் இருந்தா நத்தம் ரோட்டுல 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு ஒரு எட்டு. மதுரை வரலாறு பற்றித் தேடிப் படிக்க நல்ல இடம். ஏசியும் இருக்கு!